வானில் ஒரு விமானந்தாங்கி

சீவகசிந்தாமணியின் மயிற்பொறியைப் பாடம் நடத்தும்போதெல்லாம் "இதெல்லாம் இயலுமா ஐயா?" என்ற கேள்வி வகுப்பில் தவறாமல் எழும். இவ்வாண்டு அது வேறு உருவில் வந்தது. 2012இல் வெளியான அவெஞ்சர்ஸ் திரைப்படத்தில் கடலினின்றும் எழுந்து வானில் நிற்கும் பெரும் விமானந்தாங்கிக் கப்பலைச் சுட்டி, வருங்காலப் போர்களில் இத்தகையது வருமா என்று மாணவர் ஒருவர் வினவினார். தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினாவன்று எனத் தள்ளிவிட மனம் ஒப்பவில்லை. தேடிப் படித்தபோது, பறக்கும் விமானந்தாங்கி ஏற்கெனவே இருந்து மறைந்தது என்பது தெரியவந்து வியப்புற்றோம்.

அமெரிக்கக் கடற்படை 1930களின் தொடக்கத்தில் அக்ரான், மேகன் என்னும் இரு வான்கப்பல்களைப் பறக்கவிட்டது. ஒவ்வொன்றும் 239 மீட்டர் நீளம். ஹீலியம் நிரம்பிய அவ்வுடலின் வயிற்றுக்குள் சிறு விமானங்களுக்கு ஒரு கொட்டகை இருந்தது. திரும்பிவரும் விமானி, கப்பலின் அடியில் தொங்கும் சட்டத்தில் தம் விமானத்தின் கொக்கியை மாட்டுவார். பிறகு விமானத்தை உள்ளே தூக்கிக்கொள்வர். 1934இல் அதிபர் ரூஸ்வெல்ட் பயணம் செய்த போர்க்கப்பலைப் பசிபிக் பெருங்கடலில் மேகனின் விமானங்கள் தேடிக் கண்டுபிடித்து, அவருக்குச் செய்தித்தாள்களைப் போட்டுவிட்டுச் சென்றன.

ஆயினும் திரைப்படத்தின் அளவுக்கு அது வளர இயலாது. ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன் எடையைத் தாங்கும். ஒரு கன மீட்டர் ஹீலியம் தூக்குவதோ ஏறத்தாழ ஒரு கிலோ. இன்றைய பெரிய விமானந்தாங்கிக் கப்பலின் எடை சுமார் 1,00,000 டன். அதை வானில் மிதக்கவிட அக்ரானைப் போல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வான்கப்பல்களின் வாயு வேண்டும். இயந்திர விசையால் தாங்குவதென்றாலோ, எரிபொருள் தீரும் கணத்தில் அனைத்தும் வீழும். கடல் கப்பலைக் கூலியின்றிச் சுமக்கிறது. வானம் ஒவ்வொரு நொடிக்கும் கூலி கேட்கிறது.

இக்கணக்குகளைவிட நம்மை நெடுநேரம் நிறுத்தியவை வேறு இரு எண்கள். 1933 ஏப்ரல் 4 அன்று நியூஜெர்சிக் கடற்கரைக்கு அப்பால் புயலில் அக்ரான் வீழ்ந்தது. 76 பேரில் 73 பேர் மாண்டனர்; வான்கப்பல்களுக்காக அயராது வாதாடிய அட்மிரல் மோஃபெட்டும் அவர்களுள் ஒருவர். கடல்மீது பறந்த அக்கலத்தில் மிதவைச் சட்டைகள் இல்லை. 1935 பிப்ரவரி 12 அன்று கலிபோர்னியக் கடலில் மேகனும் வீழ்ந்தது. இம்முறை மிதவைச் சட்டைகளும் படகுகளும் இருந்தன. 83 பேரில் 81 பேர் பிழைத்தனர். கொட்டகையையும் கொக்கியையும் அத்தனை நுட்பமாகச் சிந்தித்தவர்க்கு, எளிய சட்டையை நினைவூட்ட 73 உயிர்கள் வேண்டியிருந்தன.

அதன்பின்னரும் ஆசை அடங்கவில்லை. 1941இல் சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் இறக்கைகளின் கீழ்ச் சிறு போர்விமானங்களைச் சுமந்து சென்று ருமேனியாவின் டான்யூப் பாலத்தைத் தாக்கச் செய்தன. 1973இல் போயிங் 747க்குள் பத்துச் சிறு போர்விமானங்களை அடைக்கும் திட்டம் ஆராயப்பட்டுக் காகிதத்திலேயே நின்றது. 2021 அக்டோபரில் அமெரிக்கச் சரக்கு விமானம் ஒன்று, ஆளில்லா விமானத்தை நடுவானில் பிடித்து உள்ளிழுத்துக்கொண்டது. வருங்காலம் இத்திசையில்தான் இருக்கிறதென்று தோன்றுகிறது. ரேடாரும் ஏவுகணையும் உள்ள காலத்தில் மாபெரும் கலம் எளிய இலக்கு. சாதாரணச் சரக்கு விமானமும் அதனுள் ஆளில்லாச் சிறு பொறிகளும் போதும்.

ஆளில்லாப் பொறிக்கு மிதவைச் சட்டை வேண்டியதில்லை. அதனால் வானிலிருப்போர் பிழைக்கலாம் என்பது மகிழ்ச்சியே. ஆனால் தன் பக்கம் உயிரிழப்பு இல்லையென்றால், போரைத் தொடங்குவோர்க்குத் தயக்கமும் குறையுமே என்பதுதான் நம் அச்சம்.