எண்பது மீற்றர்ச் சிறகும் பலாலி ஓடுபாதையும்

கனடாவில் வாழும் மகனைக் காணப் புறப்படும் கிளிநொச்சித் தாயொருத்தி, ஒடியல்மாவும் மிளகாய்த்தூளும் கட்டிய பொதியோடு இரவு முழுவதும் பேருந்தில் இருந்து கட்டுநாயக்காவை அடைகின்றாள். துபாயில் இறங்கி ரொறன்ரோ செல்லும் எமிரேற்ஸ் விமானத்துக்கு மாறும்பொழுதே, எயார்பஸ் ஏ380 எனும் பேருருவத்தினுள் அவள் புகுகின்றாள். தலைக்கு மேலே இன்னுமொரு தட்டு நிறைய மனிதர் அமர்ந்திருப்பதை அவள் அறியாமலே போகவுங்கூடும்.

2005 ஏப்ரல் 27இல் பிரான்சின் தூலூஸ் நகரில் முதன்முதலாக மேலெழுந்த இவ்விமானத்தின் சிறகுகள் நுனிக்கு நுனி ஏறத்தாழ 80 மீற்றர். விமான நிலையங்களின் தரிப்பிட எல்லையும் எண்பது மீற்றரே. சிறகு அவ்வளவில் நின்றமைக்கு அதுவே காரணம். முழுச் சுமையுடன் எழுகையில் இதன் நிறை 575 தொன். வன்னிக் கமக்காரனுக்கு விளங்கும் கணக்கிற் சொல்வதாயின், எழுபது கிலோ நெல்மூடைகள் எண்ணாயிரத்துக்கு மேல்! அந்நிறையை நிலத்திற் பகிர்ந்து தாங்க 22 சில்லுகள் உண்டு.

இதன் உறுப்புகள் தூலூசை அடைந்த வழி தனிக்கதை. வேல்சிற் செய்த சிறகுகளும் ஜேர்மனியிற் செய்த உடற்பகுதிகளும் கப்பலிலும் கரோன் ஆற்றுப் படகுகளிலும் வந்து, பின்னர் இரவு வேளைகளில் வீதி வழியே ஊர்ந்தன. லெவின்யாக் என்னும் கிராமத்தின் ஒடுங்கிய தெருவில் வீட்டுச் சுவர்களை உரசிவிடுமோ என அஞ்சும்படி அவை நகர்ந்த காட்சி, நல்லூர்த் தேர் வீதி திரும்புவதைக் கண்டோர்க்குப் புதிதாய்த் தோன்றாது. எனினும், ஹம்பேர்க் வரைஞரும் தூலூஸ் வரைஞரும் ஒரே கணினி நிரலின் வெவ்வேறு பதிப்புகளைக் கையாண்டமையால், மின்கம்பிகள் பொருந்தவேண்டிய இடத்துக்கு எட்டாது போயின. இச்சிறு பிழை ஈராண்டளவு தாமதத்தை விளைவித்தது. 2006 மார்ச்சில் நடந்த சோதனையிலோ, பதினாறு கதவுகளில் எட்டு மாத்திரம் திறக்க, இருளில் 873 பேர் 78 செக்கனில் வெளியேறினர். விதிக்கப்பட்ட எல்லை 90 செக்கன்.

இத்துணைத் திறன் வாய்ந்த விமானம் 251 மட்டுமே விற்பனையாகி, 2021 டிசெம்பரோடு உற்பத்தி நின்றது. சனத்தைப் பெருநகரொன்றிற் குவித்து அங்கிருந்து ஒருமிக்க ஏற்றிச் செல்லலாம் என்றே இதனை வடித்தோர் எண்ணினர். இரண்டே இயந்திரங்கள் பூட்டிய விமானங்கள் குறைந்த எரிபொருளில் நேரடியாகவே நெடுந்தூரம் பறக்கத் தொடங்கியபின், நான்கு இயந்திரங்களுக்குத் தீனி போட்டு ஐந்நூறு இருக்கைகளையும் நிரப்புவது எளிதாயிருக்கவில்லை. பெருமையைப் பார்த்து வியந்தோர் பலர், வாங்கியோர் சிலரே.

அதே தூலூசில் ஏரிஆர் 72 எனும் சிறு விமானமும் உருவாகின்றது. இரு சுழல்விசிறிகள், எழுபதளவு இருக்கைகள். குறுகிய ஓடுபாதையே அதற்குப் போதும். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின் சென்னைச் சேவைக்கு வந்தது இதுவே. பெருந்தொற்றால் 2020இல் நின்ற அச்சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. பரந்தனிலும் முரசுமோட்டையிலும் உள்ளோர் காலையில் வீட்டிற் சாப்பிட்டு, ஆனையிறவு கடந்து பலாலி சென்று, அன்றே சென்னையில் இறங்கலாம். ரொறன்ரோ செல்லும் தாய்க்கோ கட்டுநாயக்காவுக்கான இரவுப் பேருந்தே இன்னும் வழி.