வேலை போன பின் மருந்துக்கு வழி

வேலையை இழந்த குடும்பம் முதலில் எண்ணிப் பார்ப்பது அரிசியையும் வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும்தான். வேலையோடு வந்த மருத்துவக் காப்பீடும் கைநழுவுகிறது என்பது வீட்டில் ஒருவர் நோயுறும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

மோகனூரில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. காவிரிப் பாலத்தைக் கடந்து கரூர் ஜவுளிக் கூடங்களுக்கும், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கும் செல்வோர் நம்மிடையே உளர். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா 50 விழுக்காடு சுங்கவரி விதித்தபோது, ஏற்றுமதியை நம்பிய கரூர் கலங்கியது. வேலை நிலையற்றது, சர்க்கரை நோயோ நம்மை விட்டு விலகுவதில்லை.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த இ.எஸ்.ஐ. திட்டத்தை நாம் அறிவோம். 2019 ஜூலை முதல் தொழிலாளி தம் ஊதியத்தில் 0.75 விழுக்காடும், முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துமாறு வகுக்கப்பட்டது. ஆனால் வேலை நின்ற அன்றே மருத்துவ உரிமை முடிவதில்லை என்பதைப் பலர் அறியார். அக்டோபர் முதல் மார்ச் வரையுள்ள ஆறு மாதங்களில் 78 நாள்களுக்குக் குறையாமல் சந்தா செலுத்தியவர், மார்ச் இறுதியில் வேலையை இழந்தாலும், டிசம்பர் வரை சிகிச்சை பெறலாம். பயனற்றதென்று பெட்டியில் போட்ட அட்டைக்கு உயிர் இருக்கிறது!

மற்றொன்றும் உண்டு. ஆலை மூடப்பட்டோ ஆட்குறைப்பாலோ வேலையிழந்தவர்க்கென 2005 ஏப்ரலில் ராஜீவ் காந்தி பெயரிலான நலத்திட்டம் தொடங்கப்பட்டது. தகுதியுடையோர்க்கு இருபத்து நான்கு மாதங்கள் வரை உதவித்தொகையும், அக்காலத்தில் குடும்பத்திற்கு மருத்துவமும் கிடைக்கும். தாமாக வேலையை விட்டவர்க்கு இது இல்லை. ஆகவே, "சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்று எழுதிய தாளில் கையொப்பமிடுமுன் ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்க வேண்டும். ஒரு கையொப்பத்தில் இரண்டாண்டு மருந்து போய்விடும்.

தனியார் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருந்தவர் என்ன செய்வார்? அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விதிகள் இடமளிக்கின்றன. ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலமும் கணக்கில் சேரும். ஆனால் பிரீமியத்தை அவரே கட்டியாக வேண்டும். வருவாய் நின்ற வீட்டில் அதற்குப் பணம் ஏது?

இக்கேள்வியை அமெரிக்காவும் சந்தித்தது. வேலையிழந்தோர் பழைய காப்பீட்டைப் பொதுவாகப் பதினெட்டு மாதங்கள் தொடரலாம் என்று 1986-இல் அங்குச் சட்டம் வந்தது. முழுப் பிரீமியத்தையும், அதற்குமேல் 2 விழுக்காடு வரையும் அவர்களே செலுத்த வேண்டியிருந்தது. உரிமை இருந்தும் பலரால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. பொருளாதார நெருக்கடி வந்த 2009-இல் தகுதியுடையோர்க்கு 65 விழுக்காட்டை அரசு ஏற்றது. பெருந்தொற்றின்போது, 2021 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, முழுவதையும் ஏற்றது. பிறர் தோள்கொடுத்த பின்னரே உரிமை பயன் தந்தது.

நற்செய்தியில் வரும் சமாரியர் காயத்திற்கு எண்ணெய் வார்த்ததோடு போய்விடவில்லை. சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியத்தை முன்கூட்டியே கொடுத்து, மேலும் செலவானால் தருவதாக ஏற்றுக்கொண்டார். சிகிச்சை தொடர வழிசெய்வதும் இரக்கத்தின் பகுதியே.

நம் பங்குகளில் உதவிக்குக் குறைவில்லை. ஒருவர் மருத்துவமனையில் கிடக்கும்போது ஓடிச்சென்று உதவுகிறோம். இறந்தால் அடக்கச் செலவை ஏற்கிறோம். அவற்றோடு இதையும் சேர்ப்போம். வேலையிழந்தவரின் வீட்டிற்கு அன்பியத்திலிருந்து இருவர் செல்லட்டும். அட்டையையும் பாலிசியையும் எடுத்துக் காட்டச் சொல்லி, கெடுநாளைக் குறித்துக்கொள்ளட்டும். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் எழுதித் தரட்டும். கட்ட இயலாத பிரீமியத்தை வின்சென்ட் தே பவுல் சபை நோய் வருமுன்னரே செலுத்தட்டும். கடன் வாங்கிச் செய்யும் ஒரு அறுவைச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் அத்தொகை சிறியதே.