செரீனாவின் உதடு

அந்த கார்ட்டூனைப் பார்த்ததும் நானும் சிரித்தேன். முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

2018 செப்டம்பர். அமெரிக்க ஓப்பன் ஃபைனலில் செரீனா வில்லியம்ஸ் மட்டையை உடைத்து, நடுவரோடு மல்லுக்கட்டித் தோற்றார் இல்லையா? மெல்போர்ன் ‘ஹெரால்ட் சன்’ பத்திரிகையில் மார்க் நைட் அதை வரைந்தார். மட்டை மேல் குதிக்கிறார் செரீனா. பக்கத்தில் குழந்தைகள் சப்பும் நிப்பிள். சண்டை போட்டவரைக் கிண்டலடித்தால் என்ன தப்பு? ஒன்றுமில்லை. கார்ட்டூனிஸ்ட் என்றால் மூக்கை நீட்டத்தான் செய்வார்.

ஆனால், அந்த உதட்டைப் பாருங்கள். அது செரீனாவுடையதே இல்லை. நூறு வருஷம் முன்னால் அமெரிக்காவில் கறுப்பர்களைக் கேலி செய்ய வரைந்தார்களே, அந்த உதடு! சரி, மிகைப்படுத்தல் என்றே விட்டுவிடுவோம். பின்னால் நிற்கும் நவோமி ஒசாகா? அப்பா ஹெய்ட்டிக்காரர், அம்மா ஜப்பானியர். படத்திலோ பொன்னிறக் கூந்தலோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்! கூந்தலுக்குச் சாயம் பூசியிருந்தார், வாஸ்தவம். தோலுக்குமா?

விதிமீறல் இல்லை என்று 2019-ல் ஆஸ்திரேலிய பிரஸ் கவுன்சில் சொல்லிவிட்டது. சொல்லட்டும். எனக்கு உறுத்துவது வேறு. முதல் தடவை சிரித்தபோது ஒசாகாவை நான் கவனிக்கவே இல்லை.