கோடு துணியேறிய கதை

இராமநாதபுரம் அரண்மனை வளாகத்திலுள்ள இராமலிங்க விலாசத்துக்குப் போகிறவர்கள் அனேகமாகப் போர்க் காட்சிகளின் முன்னால் நின்றுவிடுவார்கள். நான் போனது அங்கே இருக்கும் புடவைகளைப் பார்க்க. கட்டடம் கிழவன் சேதுபதி காலத்தது. சுவரோவியங்கள் அவருக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை, அதாவது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இராமாயணம், கண்ணன் கதை, தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், மன்னரைக் காண வந்த தொப்பிக்கார ஐரோப்பியர்கள் என்று சுவர் நிறைய ஆட்கள். ஆட்கள் என்றால் உடைகள்.

இந்தத் தேடலுக்கு என்னை அனுப்பியது, நான் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளின் கேள்வி. பிளஸ் டூ நெருங்கியதும் யாராவது ஒருத்தி வந்து கேட்பாள்: “மிஸ், எனக்குத் தையல் தெரியாது. படம் மட்டும்தான் வரும். ஃபேஷன் டிசைனுக்குப் போகலாமா?” சென்னை தரமணியில் 1995-இல் தொடங்கிய ‘நிஃப்ட்’ இருக்கிறது, அதன் நுழைவுத் தேர்வில் கற்பனைத் திறனுக்கும் வரைதிறனுக்கும் தனித் தாள் உண்டு, போ, எழுது என்று சொல்லிவிடலாம். சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அது கல்லூரிக்குள் நுழைவதற்கான பதில்தான். வரைகிற கை துணிக்குள் எந்த வாசல் வழியாகப் போனது என்று நம் கரையிலேயே தேடிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது.

சுவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்று புலப்படும். பெண்களின் புடவையில் பூக்கள் உடலின் வளைவைப் பொருட்படுத்துவதில்லை. இடுப்பு திரும்புகிறது, கால் மடங்குகிறது, பூவோ விரித்துப் போட்ட துணியில் இருப்பதுபோல ஒரே இடைவெளியில், ஒரே அளவில் வரிசை பிடித்து நிற்கிறது. கோடுகளும் அப்படியே. ஓவியப் பள்ளியில் இதைக் குறை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவே எவ்வளவு வெள்ளை விட வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. சுவரில் எழுதியவரே துணியிலும் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. துணியை விரித்து வைத்துப் பார்த்துப் பழகிய கண் அது, அவ்வளவுதான்.

அப்படிப் பழக இந்தச் சீமையில் துணிக்குப் பஞ்சமில்லை. கீழக்கரை மரைக்காயர்களின் கப்பல்களில் போன சரக்குகளில் துணி முக்கியமானது. சீதக்காதி என்று நாம் அறியும் பெரியதம்பி மரைக்காயர், கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர், டச்சுக்காரர்களோடு வணிகம் செய்தவர். ஆனால் துணிமேல் படம் எழுதும் தொழில் கொழித்த இடங்களைத் தேடினால் வடக்கே போக வேண்டியிருக்கிறது: காரைக்கால், புதுச்சேரி, பழவேற்காடு, மசூலிப்பட்டினம் என்று சோழமண்டலக் கரை நெடுக. ஐரோப்பாவில் ‘சின்ட்ஸ்’ என்று கொண்டாடப்பட்ட எழுத்துத் துணி இங்கிருந்துதான் போனது. அதற்குக் கிடைத்த வரவேற்பில் அந்நாடுகளின் நெசவாளர்கள் கதிகலங்கினார்கள். பிரான்ஸ் 1686-இல் தடை போட்டு 1759 வரை வைத்திருந்தது. இங்கிலாந்து 1721-இல் அதை உடுத்துவதற்கே தடை விதித்தது. இலண்டனிலும் பாரிசிலும் எந்தப் பூவை உடுத்துவது என்பதில் நம் கரையின் ஓவியர்களுக்குப் பங்கிருந்தது என்பதற்கு இந்தத் தடைகளைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். கம்பெனிக்காரர்கள் மாதிரிப் படங்களை அனுப்புவார்கள். இங்குள்ளவர் அதைப் பார்த்து எழுதுவார். எழுதும்போது அந்நியப் பூவுக்குள் தனக்குத் தெரிந்த இலை, கொடி, மொட்டு எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எப்படி எழுதினார்கள்? பொலியு என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1734 வாக்கில் புதுச்சேரியில் ஓர் ஓவியர் வேலை செய்வதைக் கூடவே இருந்து கவனித்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணித்துண்டு ஒன்றை வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். 1742-இல் கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார் இதையே நீண்ட கடிதமாக எழுதினார். தொழிலைப் பிரான்சுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற நோக்கத்தோடு எழுதப்பட்டவைதான். ஆனாலும் பெயர் பதியாமல் போன நம் ஓவியர்களின் வேலைமுறை இன்று நமக்குத் தெரிவது அவற்றால்தான்.

முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் முக்கிக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் எழுதும் நீர் கசிந்து பரவாது. காகிதத்தில் வரைந்த படத்தின் கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்டு, துணிமேல் வைத்து, கரித்தூளைத் தட்டினால் புள்ளிகளாக உருவம் இறங்கும். அந்தப் புள்ளிகளை மூங்கில் எழுதுகோலால் இணைப்பார்கள். கறுப்புக்கு, இரும்பை ஊறவைத்த புளித்த நீர். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீர். என்னை நிறுத்தி வைத்தது இந்த இடம்தான். படிகார நீருக்கு நிறம் கிடையாது. எழுதிய இடம் தெரிவதற்காகக் கொஞ்சம் பதங்கக் கட்டைச் சாயம் கலந்துகொள்வார்கள், அது பின்னால் போய்விடும். உண்மையான சிவப்பு, துணியைச் சாயவேரோடு கொதிக்க வைக்கும்போதுதான் பிறக்கும். படிகாரம் பட்ட இடம் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும், படாத இடத்தில் ஏறிய சாயம் வெயிலிலும் தண்ணீரிலும் அலசி அலசி வெளுக்கும். படிகாரத்தின் திடத்தைக் கூட்டிக் குறைத்தால் அடர்சிவப்பும் இளஞ்சிவப்பும் தனித்தனியாக வரும். ஆக, அந்த ஓவியர் தன் கண்முன் இல்லாத நிறத்தைக் கொண்டு வரைந்தவர். கொப்பரையில் என்ன நடக்கும் என்று தெரியாமல் அவரால் ஒரு இதழைக்கூட எழுதியிருக்க முடியாது.

அந்தச் சாயவேர் என்னைத் திரும்ப எங்கள் ஊருக்கே கொண்டுவந்து சேர்த்தது. தரையோடு படரும் சின்னச் செடி, பொடி வெள்ளைப் பூ. இம்பூறல் என்று சித்த வைத்தியர்கள் சொல்வதும் இதையே. இராமேசுவரம், மன்னார், யாழ்ப்பாணம் என்று பாக் நீரிணையைச் சுற்றிய மணற்பாங்கு அதற்கு உகந்த இடம். பயிரிட்ட வேரைவிடத் தானாக முளைத்த வேருக்கு மதிப்பு அதிகம். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அதைத் தோண்டும் உரிமையை டச்சுக்காரர்கள் தங்கள் கையில் வைத்திருந்தார்கள், தோண்டுவதே ஒரு பிரிவினரின் குலத்தொழிலாக இருந்தது. மெல்லிய வேரின் பட்டையில் இருக்கும் ‘அலிசரின்’தான் அந்தச் சிவப்பு. 1868-இல் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் அதை ஆய்வகத்தில் உருவாக்கிவிட்டார்கள். மலிவான சாயம் வந்தபின் மணலில் குனிந்து வேர் தோண்ட யார் வருவார்கள்? இன்று எங்கள் பக்கத்தில் இந்தச் செடியைக் கண்டால் அடையாளம் சொல்பவர்கள் அரிது. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அடுத்த வாசல் சுதந்திரத்துக்குப் பிறகு திறந்தது. புபுல் ஜெயகரின் முயற்சியால் 1956-இல் நெசவாளர் சேவை மையங்கள் தொடங்கியபோது, ஓவியக் கல்லூரியில் படித்தவர்களைக் கூப்பிட்டு நெசவாளர்களோடு உட்கார வைத்தார்கள். சிறுபத்திரிகைகளில் கோட்டோவியங்களால் ஒரு தலைமுறையின் கண்ணைப் பழக்கிய ஆதிமூலம் அங்கே பணிபுரிந்தவர். பத்திரிகை வாசகர்கள் நன்கறிந்த டிராட்ஸ்கி மருதுவும் அங்கே துணி வடிவமைப்பாளராக இருந்தவர். கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்காரர்கள் பாத்திக் துணி செய்து விற்றுத்தான் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். படம் மட்டும் தெரிந்தவர்கள் துணிக்குள் வந்ததற்கு நம்மிடம் முன்னோர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களை யாரும் சொல்வதில்லை.

கடைசியாக எமனேசுவரம் போனேன். பரமக்குடிக்கு எதிர்க்கரை, நடுவே வைகை. சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தறி போடும் ஊர். அங்கே டிசைன் போடும் பெரியவர் ஒருவரிடம் என் ஓவியங்களைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கும்மா. எத்தன ஊக்குக்கு?” என்றார்.

அந்த ஒரு கேள்வியில் என் படிப்புக்கு ஒரு புதுப் பாடம் சேர்ந்தது. ஜக்கார்டு பெட்டியில் ஊக்கு 120, 240 என்று கணக்காக இருக்கும். ஒவ்வொரு ஊக்கும் பாவின் இழையைத் தூக்கும். கிராஃப் தாளில் குறுக்கே ஒரு கட்டம் ஓர் ஊக்கு, மேலே ஒரு கட்டம் ஊடையின் ஓர் ஓட்டம். நிரப்பிய கட்டத்துக்கு அட்டையில் ஓட்டை விழும், அந்த ஊக்கு ஏறும். அவர் என் மாங்காய்ப் புட்டா ஒன்றை எடுத்துக் கட்டங்களில் ஏற்றினார். நான் ஒரே இழுப்பில் போட்ட வளைவு படிக்கட்டாக மாறியது. எந்தப் படியை மூன்று கட்டம் நீட்டுவது, எதை ஒரே கட்டத்தில் முடிப்பது என்று அவர் அழித்து அழித்துப் போட்டார். தூரத்தில் பிடித்துப் பார்த்தபோது வளைவு திரும்ப வந்திருந்தது. என் கோட்டைவிட அது உறுதியாக இருந்தது. இப்போது இந்த வேலையைக் கணினி செய்கிறது. ஆனால் எந்தப் படியை நீட்டுவது என்று முடிவெடுக்கக் கண் வேண்டும்.

இதனால் இப்போது பிள்ளைகளிடம் நான் பேசுவது மாறியிருக்கிறது. அவர்கள் கொண்டுவரும் நோட்டில் ஒன்பது தலை உயரத்துக்கு மெலிந்த பெண்கள் நிற்பார்கள். சாதாரண உடம்பு ஏழரைத் தலை. ஃபேஷன் படத்துக்கு நீட்டுவது மரபு, தவறில்லை. இமை முடியைக்கூட எண்ணி வரைந்திருப்பார்கள். சட்டைக் கை தோளில் எங்கே சேர்கிறது என்று கேட்டால் பதில் வராது. அதனால் வீட்டிலிருக்கும் பழைய சட்டை ஒன்றைப் பிரித்து, துண்டு துண்டாகத் தரையில் பரப்பி, தையல் வரும் இடமெல்லாம் குறித்து வரையச் சொல்கிறேன். பூ வரைகிறவளை, அந்தப் பூ நான்கு பக்கமும் திரும்பத் திரும்ப வரும்போது இடையில் என்ன உருவம் உண்டாகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். கல்லூரி நேர்காணலுக்கு எடுத்துப்போகும் கோப்பில் இருபது பெண்களின் படத்தைவிட இந்த இரண்டுக்கும் எடை அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

தறிக்காகவே வரைய விரும்புகிறவர்களை எமனேசுவரத்துக்கு அனுப்புகிறேன். போகும் முன் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்: கரை எத்தனை அங்குலம், பெட்டி எத்தனை ஊக்கு, ஊடையில் எத்தனை நிறம், நூல் பருத்தியா பட்டா. போன மாதம் போன மாணவி ஐந்தாவதாக ஒன்றையும் கேட்டு வந்திருக்கிறாள்: இந்த டிசைனுக்கு எத்தனை அட்டை செலவாகும். அட்டை கூடினால் சேலையின் விலையும் கூடும் என்று அந்தப் பெரியவர் சொன்னாராம். அதற்காக அவள் தன் மயிலின் தோகையை ஒரு வரிசை குறைத்து வரைந்துகொண்டிருக்கிறாள்.