மங்கு

அம்மாவின் இரண்டு கன்னத்திலும் மங்கு உண்டு. நடவுக்குக் குனிந்தவளுக்கு வெயில் முதுகில் மட்டும் விழுவதில்லை. வயல் தண்ணீரில் பட்டுத் திரும்பி முகத்திலும் அடிக்கும். எனக்கு அது மகன் வயிற்றில் இருந்தபோது வந்தது. முதலில் மூக்கின் மேல் ஒரு நிழல். பிறகு அம்மாவுக்கு இருந்த அதே இடங்களில், அதே வடிவத்தில்.

2022இல் இங்கிலாந்தில் செவிலியர் வேலை கிடைத்தது. எங்கள் காலனியிலிருந்து சீமைக்குப் போகும் முதல் பெண் நான். சந்தோஷம் ஒரு வாரம்தான். அப்புறம் பேச்செல்லாம் முகத்தைப் பற்றியே. "வெள்ளக்காரன் ஊருக்குப் போற, மூஞ்சிய இப்பிடி வச்சிக்கினா போவ?" என்றாள் அத்தை.

விசாவுக்குக் காசநோய்ச் சோதனை கேட்டார்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். மங்கு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத சோதனையை எனக்கு நானே வைத்துக்கொண்டேன்.

ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் அரசு விதியைத் திருத்தியது. செவிலியரான எனக்கு அது தெரியும். தெரிந்தும் மருந்துக் கடையில் போய் நின்றேன். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பு. மருத்துவர் பார்வையில் சில வாரங்கள் மட்டும் போட வேண்டியது. நான் ஏழு மாதம் போட்டேன். முதல் மாதமே முகம் வெளுத்தது. அத்தை திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

படித்தவள் ஏன் போட்டேன்? எங்கள் ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள்: கறுத்த பாப்பானையும் செவத்த பறையனையும் நம்பாதே. என் அக்கா சிவப்பு. அவளைக் காட்டி, "இது யாருக்குப் பொறந்துது?" என்று ஊர்த்தெருவில் சிரித்தார்கள். நான் கறுப்பு. படிக்கும்போது விடுதியில், "உன்னக் கேக்கவே வேணாம், பாத்தாலே தெரியுது" என்றார்கள். கறுத்தாலும் குற்றம், வெளுத்தாலும் குற்றம். எந்த நிறத்தில் பிறந்தாலும் அதில் நம் சாதியைத்தான் படிக்கிறார்கள். கூட்டங்களில் நான் பேசிய பேச்சுத்தான் இது. கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது அது எதுவும் கைகொடுக்கவில்லை.

இங்கே வந்து களிம்பு தீர்ந்த பத்தாம் நாள் முகம் எரிய ஆரம்பித்தது. மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரிச்சல். பருக்கள், வீக்கம், கன்னத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய்கள். முகக்கவசத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு வார்டில் வேலை பார்த்தேன். குடும்ப மருத்துவர், "சிவந்திருப்பதாகத் தெரியவில்லையே" என்றார். கறுத்த தோலில் சிவப்பு எப்படித் தெரியும் என்று அவர் படித்த புத்தகத்தில் இருந்திருக்காது. இந்தக் குறைக்காகவே லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரி மாணவர் மலோன் முக்வெண்டே, தன் ஆசிரியர்களோடு சேர்ந்து, கறுப்பு, மாநிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று 2020இல் ஒரு கையேடு வெளியிட்டார். அதை என் கைபேசியில் எடுத்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. தோல் மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தார்.

ஐந்து மாதம் காத்திருந்தேன். தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன போட்டாய்?" மறைக்காமல் சொன்னேன். திட்டவில்லை. ஸ்டீராய்டு மெலிய வைத்த தோல் முதலில் தேற வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும் என்றார். இங்கே ஹைட்ரோகுயினோனை அழகு க்ரீமில் கலக்கக் கூடாது, மருத்துவர் சீட்டில்தான் வாங்க முடியும். நெடுநாள் போட்டால் சிலருக்கு நீலக்கறுப்பாகவே படிந்துவிடும். மங்குக்கு முதல் மருந்து வெயிலைத் தடுப்பதுதான். நம் தோலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுக்க வைக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்க்ரீன் எழுதினார். "குறையும், திரும்பவும் வரும். இது உன் தப்பில்லை" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை ஊரில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

என்னோடு வேலை செய்யும் நைஜீரியப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக் காட்டினாள். அவளுக்கும் அதே தழும்பு. கல்யாணத்துக்கு முன்னால் போட்டதாம்.

வெளிநாடு கிளம்பும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். மங்குக்கு வைத்தியம் பாருங்கள், அது நோய். வெட்கத்துக்குக் களிம்பு வாங்காதீர்கள். எந்தக் கடையிலும் அதற்கு மருந்தில்லை.

போன வாரம் வீடியோவில் அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தாள். மங்கு திரும்பி வந்திருந்தது. "என்ன மாரியே கீது" என்று சிரித்தாள். பிறகு, "அந்த வெயில் க்ரீம் என்னா வெல?" என்று கேட்டாள். சொன்னேன்.

"மூணு நாள் நட்டாத்தான் அது வரும். அந்த மூணு நாளும் வெயில்லதான நிக்கணும்?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த நாள் இரண்டு குப்பி வாங்கினேன். ஒன்று ஊருக்கு.