கண் பட்டதும் கண்டதும்

புனித அகுஸ்தினார் 384-ஆம் ஆண்டில் மிலான் நகருக்கு வந்தார். அங்கே ஆயர் அம்புரோசியார் ஓசையின்றி நூல் வாசிக்கக் கண்டு வியந்ததைத் தம் வாழ்வைக் கூறும் நூலில் எழுதி வைத்துள்ளார். வாய் அசையவில்லை, கண்கள் ஏட்டின்மேல் செல்வது மட்டுமே தெரிந்ததாம். எப்படிச் சென்றிருக்கும் அக்கண்கள்? வாய்க்கால் நீர்போல் வரியின்மேல் ஒழுகிச் சென்றிருக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும்.

அது அப்படியன்று என்பதை 1879-ஆம் ஆண்டளவில் பாரிசு நகரக் கண் மருத்துவர் எமீல் ஜவால் எடுத்துரைத்தார். வாசிக்கும் கண் ஒழுகுவதில்லை, தத்துகிறது. ஓரிடத்தில் நிற்கும், சட்டென்று தாவும், மீண்டும் நிற்கும். அவருடைய உடனுழைப்பாளரான லமார் என்பவர், கண் தாவும்போது எழும் மெல்லிய ஓசையை ரப்பர் குழாய் வழியே செவியால் கேட்டு எண்ணினார். கண்ணின் நடையைக் காது கண்டுபிடித்த விந்தை இது! பின்னாளில் ஜவால் கண்நீர் அழுத்த நோயால் 1900-இல் முற்றிலும் பார்வை இழந்தார். பார்வை இழந்தோருக்கு உதவும் நூலொன்றை 1903-இல் வெளியிட்டார்.

கண் ஓரிடத்தில் நிற்பது ஏறத்தாழ கால் நொடி. ஆங்கிலம் வாசிப்போர் ஒரு தாவலில் ஏழு முதல் ஒன்பது எழுத்துகளைக் கடக்கின்றனர். தாவும் அந்த இமைப்பொழுதில் நாம் எதையும் காண்பதில்லை என்றே சொல்லலாம். நூறு தாவல்களில் பத்துப் பதினைந்து பின்னோக்கியவை. விட்ட சொல்லைத் தேடிக் கண் திரும்பிப் போகிறது. இத்தனை அலைச்சலும் ஏன்? கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுதான் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. மற்றவையெல்லாம் மங்கல்.

ஆனால் கண் படுவதும் காண்பதும் ஒன்றல்ல. 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைத் திடுக்கிட வைக்கும் வகையில் காட்டியது. 24 கதிரியல் மருத்துவர்களிடம் நுரையீரலின் சி.டி. ஸ்கேன் படங்களைக் கொடுத்துச் சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். ஒரு படத்தில், வழக்கமான கட்டியைப்போல் 48 மடங்கு பெரிதாக, ஒரு மனிதக் குரங்கின் உருவத்தைச் செருகியிருந்தார்கள். 20 பேர் அதைக் காணவில்லை! அந்த இருபதின்மரில் பெரும்பாலோரின் பார்வை நேராக அக்குரங்கின் மேலேயே விழுந்திருந்ததைக் கண்ணசைவுக் கருவி பதிவு செய்திருந்தது. இதை மருத்துவர்களின் கவனக்குறைவு என்பது நீதியாகாது. கட்டியைத் தேடிய கண்ணுக்குக் குரங்கு பொருளாகவில்லை. விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடினாளே லூக்கா நற்செய்தியின் பெண், அந்நேரம் வாசலில் யார் நின்றிருந்தாலும் அவள் கண்டிருப்பாளோ என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

நம் அன்னையாருக்கு விழித்திரையின் நடுப்பகுதி பழுதுபட்டுவிட்டது. அந்த நகத்தளவுத் தெளிவுதான் போயிற்று. அறையில் நடமாடுவார், நம் முகத்தின் ஓரம் தெரியும் என்பார், எழுத்து மட்டும் இல்லை. ஆகவே இரவில் செபமாலை முடிந்ததும் விவிலியத்தை நாம் உரக்க வாசிக்கிறோம். வாய்விட்டு வாசிக்கையில் கண் குரலுக்குச் சில சொற்கள் முன்னே ஓடிவிடும். அன்னையாரோ பின்னே இழுப்பார். விட்ட சொல்லுக்குத் திரும்பும் வேலையை அவருடைய கண்ணுக்குப் பதிலாகச் செவி செய்கிறது.

டிசம்பர் 17 திருப்பலியின் நற்செய்தியை நாம் அறிவோம்: மத்தேயு எழுதிய தலைமுறை அட்டவணை. பெயர் மேல் பெயர். பீடத்திலும் அது விரைவாகவே கடந்து போகும். அன்றிரவு நாம் அதை வாசித்துக்கொண்டு போகையில் அன்னையார் கையை உயர்த்தினார்.

"நில்லு. இராகாபுன்னியே, இன்னொரு தடவை வாசி."

வாசித்தோம்.

"சன்னல்ல சிவப்புக் கயிறு கட்டினாளே, அவளா? அவளா நம்ம ஆண்டவரோட பாட்டி?"

யோசுவா நூலைத் தேடிப் புரட்டினோம். ஒற்றர்களைக் கூரைமேல் சணல் தட்டைகளுக்குள் ஒளித்து வைத்த இடத்திலிருந்து வாசிக்கச் சொன்னார். சில வரிகளை இருமுறை, மும்முறை. மணி பதினொன்றைத் தாண்டிற்று. அட்டவணையில் தாவீது அரசர்வரைகூட நாம் போகவில்லை. எரிகோவின் மதிலருகிலேயே அன்றைய வாசிப்பு நின்றுவிட்டது.