தாய்லாந்துக்காரன்

எங்கள் வீட்டுப் பேச்சில் தாய்லாந்து ஒரு நாடே இல்லை, ஒரு ஆள். "தாய்லாந்துக்காரன் சரக்கு எறக்கிட்டானாம், இந்த வருசம் பாயின்ட்டு விலை ஏறாது" என்பார் அப்பா. எந்தத் துறைமுகத்தில், எத்தனை டன் என்று யாரும் கேட்டதில்லை. சின்னசேலத்தில் சேகோ மில் வாசலில் லாரி வரிசை நகராமல் நிற்கும்போது ஏஜெண்ட் உதிர்க்கிற சொல், பொழுது சாய்வதற்குள் எங்களூர் கச்சிராயபாளையம் வந்து சேர்ந்துவிடும். குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், மாவு எத்தனை பாயின்ட் நிற்கிறதோ அதற்குத்தான் காசு. பாயின்ட் நின்றும் விலை விழுந்த வருசங்களில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆளை அப்பா திட்டாத திட்டில்லை.

பாங்காக்கில் இறங்கியபோது எனக்கு முதலில் அந்த ஆளைத்தான் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்த்தது மகாவிஷ்ணுவை. சுவர்ணபூமி விமான நிலையத்துக்குள் நீளமான பாற்கடல் கடையும் சிற்பம்; வாசுகியின் ஒரு பக்கம் அசுரர்கள், மறுபக்கம் தேவர்கள், நடுவில் ஆமைமேல் மலை, மலைமேல் பெருமாள். திருக்கோவிலூரில் ஒற்றைக் காலைத் தூக்கி உலகளந்து நிற்கிறவரை வெறுங்காலோடு போய்க் கும்பிட்டுப் பழகியவனுக்கு, சூட்கேஸ் உருட்டுகிறவர்களுக்கு நடுவில் அவரைப் பார்க்கையில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு நொடி குழப்பம். அரண்மனை, மரகத புத்தர், வாட் அருண் எல்லாம் பார்த்தேன். அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னிடம் கூடுதலாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆறு வேறு சங்கதி. சாவோ பிரயாவில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் டவுன்பஸ் மாதிரி தொங்கிக்கொண்டு போகலாம். எதிரில் ஒரு சின்ன இழுவைப் படகு, தன்னைவிடப் பல மடங்கு பெரிய இரும்புத் தோணிகளை ஒன்றின்பின் ஒன்றாகக் கட்டி இழுத்துப் போகும். தோணிகள் விளிம்புவரை அமிழ்ந்திருக்கும். உள்ளே அரிசியோ, மணலோ, மரவள்ளி மாவோ. எனக்கு எல்லாமே மாவாகத்தான் தெரிந்தன. மரவள்ளி மாவை உலகத்திலேயே அதிகம் ஏற்றுமதி செய்கிற நாடு இது. கிழங்கு விளைவது நகரத்தில் இல்லை, வடகிழக்கே கோராட் பக்கத்து வானம்பார்த்த மேட்டுநிலங்களில். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாகப் போனது, இப்போது பெரும்பகுதி சீனாவுக்குப் போகிறது. அப்பாவின் எதிரி எங்களைக் குறிவைத்ததே இல்லை. நாங்கள் அவன் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டோம். சேலம், ஆத்தூர்ப் பக்கத்து மில்காரர்களே வேறு கதை சொல்வார்கள். விலையைக் கெடுத்ததில் பெரும்பங்கு ஜவ்வரிசியில் கலந்த மக்காச்சோள மாவுக்கு உண்டு என்று. அதை உள்ளூர்க்காரன்தான் கலந்தான்.

ஜவ்வரிசியே நமக்குக் கடல்தாண்டி வந்த பண்டம். இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர்ப் பக்கத்துக் கப்பல்கள் நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் உள்ளூர்க் கிழங்கில் செய்துபார்க்க ஆரம்பித்தார். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு. எண்பது வருசத்தில் வந்தவன் சொந்தக்காரன் ஆகிவிட்டான். எங்களூர்க் காற்றில் மாவெடுத்த கிழங்கின் திப்பி காய்கிற அந்தப் புளிப்பு வாடை ஆதிகாலத்திலிருந்தே இருப்பதாகத்தான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

பாங்காக் நடைபாதையில் அந்த வாடை இல்லை. வதக்கிய பூண்டு வாசம் இருந்தது. ஒரு அம்மாள் ஆவித்தட்டில் கண்ணாடி உருண்டைகளை அடுக்கிவைத்திருந்தார். கிட்டப்போனால் ஜவ்வரிசி. உள்ளே கொத்திய பன்றிக்கறி, இனிப்பு முள்ளங்கி, இடித்த மல்லாட்டை. மேலே பொன்னிறப் பூண்டு, கூடக் கடித்துக்கொள்ளப் பச்சைமிளகாயும் கொத்துமல்லியும். பெயர் சாக்கு சாய் மூ. பங்குனி வெயிலில் மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து, காக்கா விரட்ட என்னை உட்காரவைத்து அம்மா பிழிந்த வடகமும், பண்டிகைப் பாயசமும்தான் ஜவ்வரிசியின் எல்லை என்று இருந்தவன் நான். தின்றேன். ருசி. ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, "ஜவ்வரிசிக்குள்ள கறியா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கு முழுக்க என்னோடு அளவாகத்தான் பேசினாள்.

சீலோம் சாலையில் அவளுக்கு ஆறுதலாக ஒன்று இருந்தது. பான் தெரு முனையில் மாரியம்மன் கோவில், நம் ஊர் கோபுரம், நம் ஊர் வண்ணம். தாய்லாந்துக்காரர்கள் வாட் கேக் என்கிறார்கள். 1879இல் இதை எழுப்பியவர் என்று சொல்லப்படுகிறவர் வைத்தி படையாட்சி. எந்த ஊரிலிருந்து போனாரோ, படையாட்சி என்ற பெயரைக் கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டைப் பக்கம் எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் ஒருவராவது திரும்பிப் பார்ப்பார். கும்பிட வருகிறவர்களில் தாய்லாந்துக்காரர்களே அதிகம். தட்டில் தேங்காய், வாழைப்பழம், செவ்வந்தி, நெற்றியில் குங்குமம், நவராத்திரி முடிவில் அம்மன் ஊர்வலம் வரும்போது அந்தப் பெரிய வணிகச் சாலையையே அடைத்துவிடுவார்களாம்.

இன்னொரு இடம், ராட்சத ஊஞ்சல். நகரசபைக் கட்டடத்துக்கு எதிரே சிவப்புச் சாயம் பூசிய தேக்குத் தூண்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும், ஊஞ்சல் கிடையாது. முன்பு இளைஞர்கள் உயரே ஆடிப்போய், கழியில் தொங்கும் காசுப்பையைப் பல்லால் கவ்வுவார்கள். விழுந்து செத்தவர்களும் உண்டு, 1930களில் நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே 1784இல் கட்டிய தேவஸ்தானத்தில் அரண்மனைப் பிராமணர்கள் மார்கழி, தை வாக்கில் நடத்தும் திருவிழாவில் இன்றைக்கும் திருவெம்பாவை ஓதுகிறார்கள். மாணிக்கவாசகர் அதைத் திருவண்ணாமலையில் பாடினார் என்பது மரபு. எங்களூரிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்புகிற தூரம். ஓதுகிறவர்களுக்கு அர்த்தம் தெரியாது, உச்சரிப்பும் நமக்குப் பிடிபடாத அளவுக்கு மாறிவிட்டது. அதனால் என்ன, எங்கள் தெரு பஜனைக்கோஷ்டியில் பாதிப்பேருக்கும் தெரியாதுதான்.

ஊர்விட்டுப் போன பாட்டை நினைத்தால் கல்வராயன் மலைக்காரர்கள் ஞாபகம் வருகிறது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் சாமி கரிராமனைச் சுமந்துகொண்டு மலையேறினார்கள் என்பார்கள் மலையாளிகள். தமிழ் பேசுகிற மலையாளிகள்; கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை. தினையும் சாமையும் விளைந்த சரிவுகளில் இப்போது கண்ணுக்கெட்டிய மட்டும் மரவள்ளி. வெள்ளிமலை பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தச் செடிகளின் கொழுந்து சுருண்டு முடிச்சுவிழ ஆரம்பித்தது 2020க்குப் பிறகு. மாவுப்பூச்சி. தென் அமெரிக்காவில் பிறந்த பூச்சி. 1970களில் ஆப்பிரிக்காவின் கிழங்கையெல்லாம் தின்றுவிட்டு, 2008இல் தாய்லாந்தில் இறங்கியது. 2020இல் திருச்சூரில் தலைகாட்டி, அப்படியே எங்கள் பக்கம் வந்துவிட்டது. அதாவது தாய்லாந்துக்காரன் தோட்டத்திலும் அதே சுருட்டை, நமக்குப் பன்னிரண்டு வருசம் முன்னாலேயே. அங்கே மருந்தடித்துச் சலித்து, பெனின் நாட்டிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, லட்சக்கணக்கில் பெருக்கி வயலில் விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்கிற குளவி. பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்தாரும் அதே பெனினிலிருந்து கொண்டுவந்து, 2022 மார்ச்சில் ஆத்தூர்ப் பக்கம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்டார்கள்.

குளவி விட்ட காட்டுக்காரர் ஒருவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்தார். தாய்லாந்தில் இதை வைத்துத்தான் சமாளித்தார்கள் என்று பெருமையாக எடுத்துவிட்டேன்.

"அவனுக்கும் வந்துச்சா?" என்றார். முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்.

"வந்துச்சுங்க. நமக்கு முன்னாடியே."

"குளவின்னு சொல்லி டப்பா குடுத்தாங்க. கொட்டப்போவுதுன்னு தலையில துண்டைச் சுத்திக்கிட்டு தொறந்தா, கொசுவுக்கும் சின்னதா என்னமோ பறக்குது. இதுவா திங்கப்போவுதுன்னு ஆபீசர்கிட்டயே கேட்டுட்டேன்."

"தின்னுச்சா?"

"கொழுந்து விரிஞ்சிருக்கு. இனிமே மில்லுக்காரன் பாயின்ட்டு போடட்டும், பாப்போம்."